ஆமையைப் பார்க்கப் போய்…

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தேன். பத்தடி தள்ளிக் கட்டைவிரல் மாதிரி ஒரு தலை எழும்பியது. புஸ்ஸென்று ஒரு மூச்சு, அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது. ஆமை! மறுபடி எங்கே எழும்பும் என்று பார்த்தபடியே நகர்ந்தேன். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நான் இருந்த இடம் மட்டும் குளம்போலக் கிடந்தது. சௌகரியம் என்று நினைத்தேன். அதுதான் வில்லங்கம். அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அங்கே பள்ளமாக இருப்பதால் அலை சரியாக உடையாது, நிறமும் சற்றுக் கறுத்துத் தெரியும்.

திரும்பினால் கரையில் வைத்த துண்டு புள்ளியாகிவிட்டது. நேராகக் கரையை நோக்கி நீந்தினேன், கை ஓய்ந்ததுதான் மிச்சம். இந்த இழுப்பு விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பந்தய நீச்சல்காரர்கூட எதிர்த்து ஜெயிக்க முடியாது. ஆனால் அது ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். எப்போதோ கேட்டது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. மல்லாந்து மிதந்து மூச்சு வாங்கினேன். அப்புறம் கரைக்கு இணையாக, நுரை வெள்ளையாகத் தெரிந்த பக்கம் நீந்தினேன். அங்கிருந்து அலையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஆமையை அப்புறம் பார்க்கவில்லை.

—

கடலில் ஆபத்துக்கு ஆழம் தேவையே இல்லை. என் தம்பி முழங்கால் தண்ணீரில், வாலில் முள்ளுள்ள திருக்கை மீனை மிதித்தான். மறுநாள் அதே இடத்தில் குனிந்து பார்த்தேன்: மணலில் இரண்டு கண், பின்னால் திறந்து மூடும் இரண்டு துளை. உடம்பு முழுக்க மணலுக்குள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப்போகும். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் காலை வைக்க வேண்டும், 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். வலி நன்றாகவே அடங்கும். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

—

எங்களுக்குத் தண்ணீரில் இறங்கவே வேண்டியிருக்கவில்லை. கரையில் காய்ந்து கிடந்த நீலப் பலூனை மகள் தொட்டாள். புளூபாட்டில், சொறிமீன் மாதிரியான ஒரு கடலுயிரி. செத்தாலும் அதன் நூல்போன்ற கொடுக்கு கொட்டும். பக்கத்தில் இருந்தவர் மணலைப் போட்டுத் தேய்க்க வந்தார், தடுத்துவிட்டேன். தேய்த்தால் மிச்சமிருக்கும் விஷமும் இறங்கும். கடல்நீரில் அலசி நூலை எடுத்துவிட்டு, 20 நிமிடம் வெந்நீரில் கையை வைத்தோம்.

—

ஆமைக்காரன்தான் மறுபடி. இன்று கால்களைத் தேய்த்துத் தேய்த்தே நடந்தேன். திருக்கை எதுவும் கிளம்பவில்லை. ஒரு நண்டுதான் அலறியடித்து ஓடியது.