மெத்தோட்ரெக்ஸேட்: மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா?

அப்பாவுக்குத் தோல் லிம்போமா, அதாவது தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய். மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ் என்ற வகை, 1பி நிலை (ஆரம்பக் கட்டம்). குளோபெட்டசால் களிம்பு, அப்புறம் நேரோபேண்ட் யுவிபி ஒளி சிகிச்சை, இரண்டும் போதவில்லை. போன வருடக் கடைசியிலிருந்து குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, வாரத்தில் ஒரே நாள், 15 மி.கி. மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. இடுப்பில் செதில் செதிலாக இருந்த திட்டுகள் மங்கிவிட்டன, ராத்திரி சொறியாமல் தூங்குகிறார். அதனால்தான் நிறுத்த மனசே வரவில்லை.

ஆனால் மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். தண்ணீர்கூட இறங்குவதில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு கொடுத்துப் பார்த்தோம். ஃபோலிக் அமிலம், குமட்டலுக்கு டாக்டர் எழுதித் தந்த ஒன்டான்செட்ரான் எல்லாம் ஆயிற்று. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சரியாகவே வருகின்றன.

அடுத்த முறை டாக்டரிடம் ஊசி பற்றிப் பேசப்போகிறோம். இதே நோய்க்குத் தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாறியவர்களுக்குக் குமட்டல் குறைந்ததா?