மறு: ப்ரீலோடுக்கு ‘முன்சுமை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை ஆங்கிலத்தில் ப்ரீலோட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல்களுக்கு என் பதில் இது.

> ப்ரீ என்றால் முன், லோட் என்றால் சுமை. முன்சுமை என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதற்கு எதற்கு இத்தனை மடல்?

வேறு இயந்திரங்களுக்கு இந்தச் சொல் ஓடிவிடும், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் (முன்னால் சறுக்குப் பலகைகள், பின்னால் ட்ராக் எனும் சுழலும் பட்டை) வளைவில் ஒழுங்காகத் திரும்ப சஸ்பென்ஷனை எப்படிச் சரிசெய்வது என்று எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்து விழுந்த வாக்கியம் இது (ஷாக் என்றால் அதிர்வுதாங்கி): “நடு ஷாக்கின் முன்சுமையைக் குறைத்தால் முன்சுமை கூடும்.” படிக்கிறவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சிக்கல் ‘முன்’னில்தான். நமக்கு அது காலத்துக்கும் வரும், இடத்துக்கும் வரும். இந்த வண்டியிலோ பேச்சே முன்பக்கச் சறுக்குப் பலகைகளின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பதைப் பற்றித்தான். எடை போதவில்லை என்றால் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் பலகை பனியைக் கடிக்காது, வண்டி பாட்டுக்கு நேராக ஓடும். இன்னும் மோசம், ஒரே திருத்தம் இடத்துக்கு இடம் வேறு பலன் தருகிறது. பலகைகளுக்கு மேலுள்ள ஸ்பிரிங்குகளில் ப்ரீலோடைக் கூட்டினால் பலகைக்கு எடை கூடும். ட்ராக்குக்குள் முன்னால் இருக்கும் நடு ஷாக்கில் கூட்டினால், அது வண்டியை நடுவில் தூக்கிப் பிடிப்பதால், பலகை லேசாகிவிடும். பின்னாலுள்ள முறுக்கு ஸ்பிரிங்கில் கூட்டினால் வண்டி பின்புறம் அமிழ்வது குறைந்து மறுபடி முன்னால் எடை வரும். இந்த மூன்றுக்கும் ‘முன்சுமை’ என்றே எழுதினால் நடு ஷாக் வரும் பத்தி தலைகீழாகத்தான் புரியும்.

என் பரிந்துரை: முதலிறுக்கம். சக்கரம், பலகை எதுவும் அசையாதபோதே, முதலிலேயே, ஸ்பிரிங்குக்குக் கொடுத்து வைத்திருக்கும் இறுக்கம். ‘தொடக்க இறுக்கம்’ என்றும் யோசித்தேன், கையேட்டில் ஐம்பது தடவை வரப்போகும் சொல்லுக்கு நீளம்.

> இறுக்கம் என்றால் ஸ்பிரிங்கே விறைப்பாகிவிட்டது என்று நினைக்க மாட்டார்களா?

நல்ல கேள்வி, ஆங்கிலத்தில் படிக்கிறவர்களே இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மரைவளையத்தைத் திருகி 10 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால் 200 நியூட்டன் வரும்வரை அது அசையாது. அதைத் தாண்டிவிட்டால் பழையபடி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்தான். மாறியது தொடங்கும் இடம் மட்டுமே, ஸ்பிரிங்கின் குணம் மாறவில்லை. ஆகவே ஸ்பிரிங்கின் குணத்துக்கு ‘விறைப்பு’, கொடுத்து வைத்ததற்கு ‘முதலிறுக்கம்’ என்று பிரித்துவிடலாம். விறைப்பை மாற்ற ஸ்பிரிங்கையே மாற்றியாக வேண்டும்.

அப்புறம் அந்த லிமிட்டர் ஸ்ட்ராப், அதாவது ட்ராக்குக்குள் இருக்கும் சட்டத்தைக் கட்டி வைக்கும் வார். ‘எல்லைப்பட்டை’ என்று ஒருவர் சொன்னது எனக்கு ஒட்டவில்லை, நாட்டு எல்லையில் ஏதோ கட்டியதுபோல இருக்கிறது. ‘கட்டுவார்’ அழகுதான், ஆனால் “யார் கட்டுவார்?” என்று உடனே கேலி வரும். ‘தளைவார்’ எப்படி? அந்த வார் செய்வதும் தளையிடும் வேலைதான்: ட்ராக்குக்குள் இருக்கும் சட்டத்தின் முன்பகுதி ஓர் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடித்து வைக்கிறது. ஒரு துளை இறுக்கிக் கட்டினால் சட்டத்தின் முன்முனை மேலே ஏறும், பலகையில் எடை கூடும், வேகத்தைக் கூட்டும்போது பலகை தூக்குவதும் குறையும். அதிகமாக இறுக்கினால் கைப்பிடி கனத்துவிடும், வண்டியும் மோப்பம் பிடிக்கும் நாய் மாதிரி இடமும் வலமும் இழுக்கும், ஆழமான பனியில் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு துளை, ஓட்டிப் பார்த்து அடுத்தது. (இதையெல்லாம் தொடுமுன் பலகைக்கு அடியில் பனியைக் கடிக்கும் கடினமான விளிம்பான கார்பைடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.)

‘யாப்பில் வரும் தளையோடு குழம்பாதா’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு: வெண்பா எழுதிக்கொண்டே ஸ்னோமொபைல் ரிப்பேர் பார்ப்பவர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

சரி, புதிய சொற்களைப் போட்டு அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதினேன்: “நடு ஷாக்கின் முதலிறுக்கத்தைக் குறைத்து, தளைவாரை ஒரு துளை இறுக்கினால் பலகைகளின் மேல் எடை கூடும்.” எனக்கு ஒரே வாசிப்பில் புரிகிறது, உங்களுக்கு?

இனி பாக்கி, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி இறங்கும் அளவு. ‘தொய்வு’ என்று முதல் மடலில் இருந்தது. கயிறு தொய்யும், துணிக்கொடி தொய்யும், இது அப்படியில்லையே. நான் ‘அமிழ்வு’ பக்கம். இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.