நர்சரி ‘கிறிஸ்துமஸ் மரம்’ – இது பைன்தானா? அடிக்கிளை ஏன் கொட்டுகிறது?

மாடித்தோட்டம்:
ஊர் கோவை. 12 அங்குலத் தொட்டி, கன்று 3 அடி உயரம். தண்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் 5 கிளைகள். சற்று மேலே அடுத்த அடுக்கு. இலை மெத்தென்ற ஊசி. நிழலான வராந்தாவில் இருக்கிறது, தினமும் தண்ணீர். அடியில் இரண்டு அடுக்கு காய்ந்து கொட்டிவிட்டன. என்ன மரம்? சுவரிலிருந்து 6 அடி தள்ளித் தரையில் வைக்கலாமா?

ஊசியிலை:
பைன் இல்லை, அரக்கேரியா என்ற வேறு இன ஊசியிலை மரம். பைனில் ஊசிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக வரும். இதில் தனித்தனியாகக் கிளையைச் சுற்றி வரும். நார்ஃபோக் தீவுப் பைன் என்று சீட்டு ஒட்டி விற்பதில் பல, பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் குக் பைன் (பெயரில்தான் பைன், இரண்டும் அரக்கேரியாவே). கன்றில் பிரித்தறிவது கஷ்டம். வளர்ந்தபின் குக் பைனில் கிளைகள் குட்டை, மரம் ஒல்லி, பட்டை மெல்லிய சுருளாக உரியும். நார்ஃபோக்கில் கிளைகள் நீளம், அடுக்குகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். இன்னொரு துப்பு: குக் பைன் பூமத்திய ரேகைப் பக்கம் சாயும், நம் ஊரில் தெற்கே. 5 கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வந்த ஆய்வில் சராசரிச் சாய்வு 8.55 டிகிரி. அதைப் பார்த்துக் கம்பு கட்டி நிமிர்த்த வேண்டாம்.

செம்மண்:
கொட்டியதற்கு முதல் காரணம் நிழல், அடுத்தது தினசரித் தண்ணீர். விரலை விட்டுப் பாருங்கள். மேல் ஒரு அங்குலம் காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காலை வெயில் படும் இடத்துக்கு ஒரே நாளில் மாற்றாமல், இரண்டு வாரத்தில் படிப்படியாக நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் ஒரு பக்கமாக வளராது. மாற்றுத்தொட்டிக்குச் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சமபங்கு போதும். போன அடுக்கு மறுபடி துளிர்க்காது.

மாடித்தோட்டம்:
நன்றி. உயரத்தை அடக்க நுனியைக் கிள்ளலாமா?

ஊசியிலை:
கூடவே கூடாது. நடுக்குருத்து போனால் அடுக்கு ஒழுங்கே போச்சு. பக்கக்கிளையை வெட்டி நட்டாலும் வேர் பிடித்தபின் படுத்தவாக்கில்தான் வளரும். கன்றுக்கு விதை, இல்லாவிட்டால் நடுக்குருத்துப் பதியன். தரையில் 6 அடி இடைவெளி போதாது. சொந்த மண்ணில் 50 மீட்டர் தாண்டும் மரம் இது. கட்டடத்திலிருந்து 25 அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். அது இல்லையென்றால் தொட்டியிலேயே இருக்கட்டும், வேர் நெருக்கத்தில் வளர்ச்சி மெதுவாகும்.