40 நிமிட பீரியடில் படைப்பாற்றலுக்கு இடம் உண்டா?

கேள்வி:
ஏழாம் வகுப்பு அறிவியல், 40 பிள்ளைகள், 40 நிமிடம். "உங்க இஷ்டத்துக்கு ஏதாவது செய்யுங்க" என்றால் பாதிப் பேர் எரிமலை செய்கிறார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்து இன்னொரு எரிமலை. பாடத்தை விடாமல் இதை எப்படி நடத்துவது? மதிப்பெண் எதற்குப் போடுவது?

இயற்பியல் வாத்தியார்:
சிக்கலே அந்த "இஷ்டத்துக்கு"தான். எல்லை இல்லைன்னா முதல்ல ஞாபகம் வர்றதைத்தான் பிள்ளைங்க பிடிச்சுக்குவாங்க. கட்டுப்பாடு வைங்க: ரெண்டு ஏ4 தாள், 30 செ.மீ. டேப், ரெண்டு புத்தக அடுக்குக்கு நடுவுல 20 செ.மீ. இடைவெளி, அது மேல ஒரு பாலம். தாளைப் புத்தகத்தோட ஒட்டக் கூடாது. எத்தனை நாணயம் தாங்குதுன்னு பார்க்கணும்.

முதல் 3 நிமிடம் பேச்சே கூடாது, ஆளுக்கு மூணு வரைபடம். அப்புறம் நாலு பேர் சேர்ந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்க 5, கட்ட 12, சோதிக்க 5, திருத்திக் கட்ட 8, பேச 7. நேரம் போதலைன்னா எல்லாரும் வெட்டுறது திருத்திக் கட்டுறதைத்தான். ஆனா பாடம் இருக்கிறதே அங்கதான். தட்டைத் தாள் உடனே தொங்கும். விசிறி மாதிரி மடிச்சா உயரம் கூடும், விறைப்பும் கூடும். அப்பவும் எடை ஏறினா மடிப்பு விரிஞ்சு படுத்துடும். அடியில குறுக்கா டேப் ஒட்டினா நிக்கும். இதை நீங்க முன்னாடியே சொல்லிடாதீங்க.

ஆசிரியர் பயிற்றுநர்:
முதலில் தனியாக என்பதை விட்டுவிட வேண்டாம். நால்வர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே எழுதித் தொகுத்தவை அதிகம் என்று 1958-லேயே டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே முக்கியக் காரணம்.

பத்து மதிப்பெண் என்றால் வரைபடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு 4, திருத்தத்துக்கும் அதன் காரணத்துக்கும் 3, அறிவியல் விளக்கத்துக்கு 3. நாணய எண்ணிக்கைக்குப் பூஜ்யம். போட்டால் ஜெயிக்கிற பாலத்தை எல்லாரும் நகலெடுப்பார்கள். பரிசையும் முன்கூட்டி அறிவிக்காதீர்கள். 1973-ல் உளவியலாளர் லெப்பர் குழுவின் ஆய்வில், சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையச் சொன்ன மழலையர் பிறகு வரைவதில் ஆர்வம் குறைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்கள் குறையவில்லை.

கணக்கு டீச்சர்:
சாமான் எதுவும் இல்லாமலும் முடியும், கேள்வியைத் திருப்பிப் போட்டால் போதும். "4, 6 பக்கமுள்ள செவ்வகத்தின் பரப்பு?" என்பதற்குப் பதில், "பரப்பு 24 வரும் செவ்வகங்கள் வரை. சுற்றளவு 20-க்குக் கீழே போகுமா?" முழு எண்களோடு நின்றுவிடுவார்கள், அங்கே 4×6-தான் எல்லை. யாராவது 4.8×5 என்று 19.6-க்கு வந்தால் சதுரத்துக்குப் பக்கத்தில் வந்தாச்சு. "படைப்பாற்றல் பீரியட்" என்று தனியாக ஒன்று வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடம் தெரியாத பிள்ளை எதை வளைத்துப் பார்க்கும்?

கேட்டவர்:
திருத்திக் கட்ட 8 நிமிடம் போதாவிட்டால்?

இயற்பியல் வாத்தியார்:
அடுத்த பீரியடுக்குத் தள்ளுங்க. முதல் பாலத்தைக் கசக்கிப் போட விடாதீங்க. எங்க மடங்குச்சோ அங்க பென்சில்ல வட்டம் போட்டு, குழு எண் எழுதி வாங்கி வைங்க. திருத்தத்துக்கும் ரெண்டு தாள் வேணும். பத்துக் குழுவுக்கு மொத்தம் 40. ஒரு பக்கம் எழுதின பழைய தாளே போதும்.