‘ஜீரோயிங்’ என்பதற்குக் ‘குறி சேர்த்தல்’

துப்பாக்கியைச் சில தடவை சுட்டுப் பார்த்து, குண்டு விழும் இடத்துக்கு ஏற்ப, குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் உள்ள பார்வைக் குறிகளைத் திருகிச் சரிசெய்வதை என்.சி.சி. மாணவர்கள்கூட ‘ஜீரோயிங்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் ‘சுழியமாக்கல்’ என்று வைக்கலாம் என்பது ஒரு கருத்து. எனக்கு அது ஒப்பவில்லை. சுழியமாக்கல் என்றால் இருப்பதை இல்லாமல் ஆக்குவது என்றுதான் காதில் விழும். இங்கே சுழியம் என்பது தொடக்கப் புள்ளி. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியில் எல்லாம் சரியானதும் திருகுக் குமிழை 0-வில் நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு செய்யும் திருத்தமெல்லாம் அங்கிருந்துதான் எண்ணப்படும்.

‘சோதனைச் சூடு’ என்பதும் போதாது. துப்பாக்கி ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கச் சுடுவதும் சோதனைச் சூடுதான். அதில் திருத்தம் இல்லை. ‘அளவுத்திருத்தம்’ தராசுக்கும் வெப்பமானிக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானே வரும். ஒரே இடத்தைக் குறிபார்த்து மூன்று அல்லது ஐந்து குண்டுகள் சுடுவார்கள். ஒரு குண்டை மட்டும் நம்பக்கூடாது, கை நடுங்கியிருக்கலாம். குண்டுகள் நெருக்கமாக விழுந்து, ஆனால் இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தால், சுடுபவர் மேல் தவறில்லை, பார்வைக் குறிதான் விலகியிருக்கிறது. முன்குறியை இடப்பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறியானால் வலப்பக்கம். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

தொலைவையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பேச்சு முழுமையாகாது. பார்வைக்கோடு குழலுக்கு மேலே நேராகப் போகிறது. குண்டோ சற்று மேல்நோக்கிக் கிளம்பி வளைந்து இறங்குகிறது. அதனால் இரண்டும் இரண்டு இடங்களில் சந்திக்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்16 வகைத் துப்பாக்கியில் 25 மீட்டரில் ஒரு தடவை, ஏறத்தாழ 300 மீட்டரில் இன்னொரு தடவை. 25 மீட்டர் திடலிலேயே 300 மீட்டருக்குச் சரிபார்க்க முடிவது இதனால்தான்.

ஆக, பார்க்கும் இடத்தையும் குண்டு படும் இடத்தையும் ஒன்றுசேர்க்கிறோம். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது போல, துப்பாக்கிக்குக் ‘குறி சேர்த்தல்’. ஒப்புமை மேலோட்டமானது அல்ல. பாடுபவர் மாறினால் சுருதி மாறும். அப்படியே, ஒருவர் குறி சேர்த்த துப்பாக்கி, கன்னம் வைக்கும் விதமும் கண்ணின் இடமும் வேறான இன்னொருவருக்குச் சற்று விலகலாம். தோட்டா வகை மாறினாலும் மறுபடி சேர்க்க வேண்டியதுதான்.

‘பிழை நீக்கல்’ என்ற யோசனையையும் எண்ணிப் பார்த்தேன். அழகான சொல். குறி தப்புவதைப் பிழைத்தல் என்பது பழந்தமிழ் வழக்கு; ‘யானை பிழைத்த வேல்’ என்கிறது குறள். ஆனால் இன்று பிழை என்றால் எழுத்துப்பிழைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

பெயர்ச்சொல்லாகக் குறிசேர்ப்பு, எந்தத் தொலைவுக்குச் சேர்த்தோமோ அது குறிசேர் தொலைவு. டாங்கியில் குண்டு சுடாமலே, குழல் முனையில் கருவி பொருத்திக் குழலையும் பார்வையையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள் அல்லவா, அதை இதோடு கலக்க வேண்டாம். ‘குழல்நோக்கு’ என்று தனியே வைக்கலாம். அப்புறம், ‘துப்பாக்கிக்குக் குறி சேர்த்தாச்சா?’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.