தேய்மானமா, ஈட்டக்குறைவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிறப்பிலேயே எச்ஐவி தொற்றி, பல ஆண்டுகளாக ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) எடுத்துவரும் வளரிளம் பருவத்தினரிடம் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை தமிழில் 'இளவயது எலும்புப்புரை' (எலும்புப்புரை = osteoporosis) எனலாம் என்று நம் கலைச்சொல் உரையாடலின் முந்தைய மடலில் ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. 'எலும்புத் தேய்மானம்' அதைவிடப் பொருந்தாது.

தேய வேண்டுமானால் முதலில் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? வாழ்நாளில் ஒருவர் அடையும் உச்ச எலும்பு நிறையில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்தப் பிள்ளைகளிடம் அந்தச் சேர்க்கையே தடைபடுகிறது. தொற்றால் நீடிக்கும் அழற்சி, தள்ளிப்போகும் பூப்பு, வைட்டமின் டி பற்றாக்குறை, அப்புறம் சில மருந்துகள். குறிப்பாக டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் என்ற எச்ஐவி மருந்து சிறுநீரக நுண்குழல்களைப் பாதித்துப் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேறச் செய்யக்கூடும். அப்போது எலும்பில் தாது படிவது குறையும்.

எலும்புப்புரை என்பது ஒரு நோயறுதி (diagnosis). சிறாருக்கு, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தரும் எண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்வதில்லை. எலும்பு முறிவையும் பார்ப்பார்கள். டி-ஸ்கோரும் இங்கே உதவாது, அது இளம் பெரியவர்களின் உச்சத்தோடு ஒப்பிடுவது. 15 வயதுப் பிள்ளையை ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர்தான் சரி. அது −2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 'வயதுக்குக் குறைந்த எலும்பு அடர்த்தி' என்று விளக்கமாகவே எழுதிவிடலாம். அளவைக்கு அது போதும்.

எலும்பு நிறை சேரும் நிகழ்வுக்குத்தான் சொல் இல்லை. 'சேர்மானம்' என்றால் மருந்துச் சரக்குகள் நினைவுக்கு வரும். 'திரட்சி' கட்டியோ என்று பயமுறுத்தும். 'சேமிப்பு' எளிய சொல்தான், ஆனால் கையிருப்பைச் சொல்கிறதே தவிர வளர்வதைச் சொல்லவில்லை. என் பரிந்துரை 'எலும்பு ஈட்டம்'. ஈட்டுதல் முயன்று சேர்ப்பது. உடற்பயிற்சிக்கும் கால்சியத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. குறைந்தால் 'ஈட்டக்குறைவு'.

சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 'மருந்தால் உன் எலும்பு தேய்கிறது' என்று கேட்கும் பிள்ளை மருந்தையே நிறுத்திவிடலாம். அது உயிருக்கு ஆபத்து. 'ஈட்டம் குறைவாக இருக்கிறது, ஈட்ட இன்னும் வயது இருக்கிறது' என்றால் மருந்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கத் தோன்றும்.

புணர்த்தினால் 'எலும்பீட்டம்' ஆகிறது. படிப்பவருக்குத் தடுக்கும் என்பதால் பிரித்தே எழுதலாம் என நினைக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.