பொங்கல் கூட்டத்துக்குத் தானே திரும்பும் கேமரா: வாங்குவதற்கு முன்

எல்லோருக்கும் வணக்கம்.

பேசுகிறவர் பக்கம் தானாகத் திரும்பும் கேமரா ஒன்று வாங்கி மண்டபத்தில் வைத்துவிடலாம் என்று ஷார்ஜா தம்பி எழுதியிருந்தார், பொருளாளர் அண்ணனும் காசு ஒதுக்கலாம் என்கிறார். ஆசை நியாயமானதுதான். போன வருஷம் ஊர்ப் பொங்கல் கூட்டம் முழுக்க வெளியூர்க்காரர்கள் நாங்கள் வீடியோவில் பார்த்தது மேடை ஓரத்து வாழைமரத்தையும் தலைவர் மாமாவின் தோளையும்தான். குளத்து மீன் ஏலக் கணக்கை யார் கேட்டார், யார் பதில் சொன்னார், இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கேமரா நம் மண்டபத்துக்கு ஒத்து வராது. இந்த மாதிரிக் கருவிகளை அலுவலகங்களில் மாட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, குரல் வரும் திசையைக் கேட்கிறது. உள்ளே சின்னச் சின்ன மைக்குகள் வரிசையாக இருக்கும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், ஆகவே 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு மைக்குகளில் பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஒன்றைத் தொட்டபின் மற்றதைத் தொட ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. அந்தத் துளி வித்தியாசத்தில்தான் திசை கணக்காகிறது, அப்புறம் அந்தப் பக்கம் ஒரு முகம் தெரிகிறதா என்று படத்தில் தேடும். யாராவது இருமினால் உடனே ஓடிவிடாமல் ஓரிரு நொடி பொறுக்கும். வீடியோ கூட்டக் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியில் இரட்டைக் கேமரா வைத்தே செய்தார்கள்: ஒன்று பேசுகிறவரைக் காட்டிக்கொண்டிருக்க, மற்றது அடுத்தவரைப் பிடித்துத் தயாராக இருக்கும். தம்பி படம் அனுப்பிய ஆந்தை மாதிரிக் கருவியில் எதுவும் திரும்புவதே இல்லை, தலையில் உள்ள லென்ஸ் சுற்றிலும் 360 பாகையும் பார்க்கிறது, தேவையான துண்டை வெட்டிக் காட்டுகிறது. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்காரும் அறைக்கு அருமையான சாமான்.

நம் மண்டபத்தில் என்ன ஆகும்? பேசுகிறவர் குரல் அவர் வாயிலிருந்தா வருகிறது? மைக் செட்காரர் தூணில் கட்டியிருக்கும் பாக்ஸிலிருந்து வருகிறது! கேமரா நேரே அந்தப் பாக்ஸைப் பார்க்கும், அங்கே முகம் இல்லாததால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரைக் காட்டும். தகரக் கூரையின் எதிரொலி, ஃபேன் சத்தம் வேறு. போதாததற்கு, ஒருவர் முடித்தபின் இன்னொருவர் தொடங்கும் வழக்கம் நம் ஊரில் எந்தக் காலத்தில் இருந்தது? உரக்கக் கத்துகிறவர் முகத்தையே அது காட்டிக்கொண்டிருக்கும், பின்வரிசையில் மெதுவாகக் கேட்கும் பெண்கள் ஒரு தடவைகூடத் திரையில் வரமாட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய குறை.

பெரிய சபை மண்டபங்களில் குரலைத் தேடுவதே இல்லை. உறுப்பினர் மைக் பொத்தானை அழுத்தினால் அவர் இருக்கைக்கு முன்பே குறித்துவைத்த கோணத்துக்குக் கேமரா போய்விடும். நமக்கு நிலையான இருக்கை கிடையாது, அதனால் இதையே கையால் செய்யலாம். ரிமோட்டில் திரும்பிப் பெரிதாக்கும் கேமரா ஒன்று. மேடை, கணக்கு மேசை, பெண்கள் பக்கம், பின்வாசல் என்று நாலு கோணங்களை அதில் பதித்துவிட்டால் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் போதும். கையில் மைக் வந்தபிறகுதான் பேச வேண்டும் என்பதைத் தலைவர் மாமா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

படத்தைவிட முக்கியம், மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து (எல்லா மைக்கின் ஒலியும் வந்து சேரும் பெட்டி) ஒரு ஒயர் நேராக லேப்டாப்புக்கு வருவது. லேப்டாப் மைக்கை நம்பினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

கேமராவை வாங்க வேண்டாம், கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஊரில் இருப்பவர்கள் விசாரியுங்கள். மேடையிலிருந்து லேப்டாப் வைக்கும் இடம் வரை எத்தனை மீட்டர் என்றும் அளந்து சொல்லுங்கள். சாதாரண யூஎஸ்பி ஒயர் 5 மீட்டருக்கு மேல் போனால் மக்கர் பண்ணும், வேறு கேபிள் நான் இங்கிருந்து கொடுத்து அனுப்புகிறேன்.